மூன்றாம் லாட்டில் வாசித்த பிக்கப்

இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ முறை நோட்டை மூடி வைத்துவிட்டேன். அப்படியே நாலு பங்குனி போய்விட்டது. நான் எட்டாவது வரை படித்தவன், எழுத்தில் பிழை வரும் என்பது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் நின்ற கதையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டுமே என்பது. முருகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நம்புகிறவன் நான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் எனக்குக் காய் தரம் பார்க்கிற வேலை. சாயங்காலங்களில் பஜனைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன். ஒரு வருடம் காய் சலிக்கிற மிஷினில் இடது கை நடுவிரல் மாட்டி எலும்பு உடைந்தது. விரல் பழையபடி மடங்கினால் பங்குனி உத்திரத்தன்று காவடி புறப்படும்போது முதல் பாட்டை என் கிட்டாரில் தொடங்கி வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். விரல் மடங்கிவிட்டது. கிட்டார்தான் படுத்தியது.

ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணன்தான் எங்கள் குழுவுக்குப் பெரியவர். ஒத்திகையில் பாதிப் பாட்டில் கையை எடுத்துவிட்டார்.

“தம்பி, உன் தடிக் கம்பி என் பெட்டியோட சேரவே மாட்டேங்குது. ஒரே கம்பிக்குள்ள ரெண்டு பேரு சண்டை போட்டு அழுவுற மாதிரி இருக்குய்யா.”

“சுருதி கூட்டித்தாண்ணே வச்சிருக்கேன்.”

“நீ கூட்டுனியோ கழிச்சியோ, எனக்குத் தெரியாது. உத்திரத்துக்குப் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா இந்த வருசம் நீ தாளம் போடு, போதும்.”

என் வேண்டுதல் தாளத்துக்கு இல்லையே! மறுநாளே தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டேன்.

கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: பிக்கப்பை மாற்று. கம்பிகளுக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, காந்தம் வைத்த சின்னக் கட்டைகள், அவைதான் பிக்கப். கம்பி அதிர்வதைப் பிடித்து ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பும். கம்பெனியில் மாட்டி வருவது மட்டம், வாங்கியதும் கழற்றி எறிய வேண்டும் என்று செல்போன் வீடியோவில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என் மச்சினன் கொச்சிக்கு லோடு அடிக்கிற வேன் டிரைவர். அவனும் அதையே சொன்னான்.

“மாமா, கம்பெனிக்காரன் பேருக்கு ஒண்ணை மாட்டி அனுப்புவான். கொச்சியில வெளிநாட்டுச் சாமான் கெடைக்கும். நான் கொண்டாறேன், நீங்க கவலையை விடுங்க.”

சொன்னபடி மூன்றாம் நாள் கொண்டுவந்தான். மலை வளைவுகளில் ஆடிவிடக் கூடாது என்று டப்பாவைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்து ஓட்டி வந்தானாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கிட்டாருக்குத் திருநீறு பூசிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அப்போதுதான் தொழில் புத்தி கையைப் பிடித்தது. எங்கள் கடையில் மாதிரிக் காயைப் பையில் போட்டால் மேலே லாட் நம்பர் மட்டும்தான் எழுதுவோம். எந்தத் தோட்டத்துக் காய் என்று எழுத மாட்டோம். பெயரைப் பார்த்தால் கண் பெயருக்கு மயங்கிவிடும். எல்லா லாட்டையும் ஒரே தட்டில் கொட்டி, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்ப்போம். சத்தத்தையும் அப்படிப் பார்த்தால் என்ன?

பழைய பிக்கப் இருந்தது இருந்தபடியே காவடிப் பாட்டின் முதல் நாலு வரியை வாசித்து செல்போனில் பதிந்தேன். அது லாட் ஒன்று.

“காய்க்குத்தான் லாட்டுன்னா இப்ப சாமி பாட்டுக்குமா?” என்று என் மனைவி சிரித்தாள்.

பிறகு பழசைக் கழற்றிவிட்டு, மைக் செட் ரிப்பேருக்கு வைத்திருந்த சால்டரிங் கோலால் ஈயம் வைத்து, புதுசை மாட்டினேன். டப்பாவில் படம் போட்ட தாள் ஒன்று இருந்தது. கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவில் இரண்டு ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அளவு இடம் விட வேண்டும் என்று அந்தப் படத்திலிருந்து புரிந்துகொண்டேன். அப்படியே விட்டேன். ஸ்பீக்கர் பெட்டியில் அதே சத்த அளவு, செல்போன் அதே முக்காலியில், அதே நாலு வரி. சண்டையே இல்லை! வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினது போலப் பளிச்சென்று வந்தது. லாட் இரண்டு.

அதோடு எழுந்திருக்கலாம். ஆனால் மனசில் ஒன்று குத்தியது. பழசை அதற்கு முந்தின வருடம் நானே ஓரத்து ஸ்குரூவைத் திருகித் திருகிக் கம்பியை ஒட்டி உயர்த்தி வைத்திருந்தேன். கிட்டத்தில் இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று என் கணக்கு. புதுசுக்கு மட்டும் காசளவு இடம் விட்டிருக்கிறேன். இது ஒரே தட்டா? ஒரு லாட்டை வெயிலிலும் ஒரு லாட்டை இருட்டிலும் பார்த்த கதை அல்லவா?

மறுபடி கோலைச் சூடு பண்ணினேன்.

“ஏங்க, திரும்பவும் கழட்டப் போறீகளா? உங்களுக்கு வேற சோலியே இல்லையா?”

பழசை மாட்டி, அதே இரண்டு காசை வைத்து இறக்கி, தடிக் கம்பியைத் தட்டினேன். எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது! அந்த அழுகை எங்கே போனது? அடியில் கனம், மேலே மணி, நடுவில் ஒரு குழைவு. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே சத்தம்! இத்தனை நாளும் அந்தக் காந்தம்தான் ஒட்டி உட்கார்ந்து கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறது. இழுத்தால் சுருதி எப்படி நிற்கும்? மட்டமாக இருந்தது பிக்கப் இல்லை, நான் முடுக்கின ஸ்குரூ!

மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். “புதுசைத் திரும்ப மாட்டிட்டீகளா?”

“பழசுதான்டி.”

“முருகா!” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். லாட் மூன்றையும் பதிந்தேன்.

மறுநாள் கடையில் டீ நேரம். ஆர்மோனிய அண்ணனை வரச்சொல்லியிருந்தேன், மச்சினனும் வந்தான். காய் பொறுக்குகிற அக்கா ஒருவரையும் உட்கார வைத்தேன். லாட் நம்பரை மட்டும் சொன்னேன், எந்த லாட்டில் எந்தப் பிக்கப் என்று யாருக்கும் சொல்லவில்லை.

லாட் ஒன்றுக்கு அக்கா முகத்தைச் சுளித்தார். “இது நனைஞ்ச காய் தம்பி.” இரண்டுக்கு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா லேசாக் காது கூசுது.” மூன்று ஓடும்போது கையில் இருந்த காய் கையிலேயே இருந்தது. அண்ணன் கண்ணை மூடிக் கூடவே முணுமுணுத்தார். முடிந்ததும் தொடையில் ஓங்கித் தட்டினார்.

“மூணு! இதாம்ப்பா! தடிக் கம்பியும் என் பெட்டியும் கட்டிப்புடிச்சு நிக்குதுல்ல! மாப்ளே, நீ கொண்டாந்த சாமான் இதுதானே?”

“பின்ன வேற எதுண்ணே!” என்று மச்சினன் எழுந்தே நின்றுவிட்டான்.

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவன் முகத்தில் அத்தனை வெளிச்சம் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் அது இல்லை. அதே பழசுதான் என்று சொன்னால், ‘அந்த அழுமூஞ்சியா? நீ தாளமே போடு’ என்று அண்ணன் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். வேண்டுதலைக் காப்பாற்ற ஒரு பொய்க்குத் தலையை ஆட்டிவிட்டேன்.

உத்திரத்தன்று காவடி புறப்பட்டது. முதல் பாட்டைத் தொடங்கினேன். ஆர்மோனியம் வந்து சேர்ந்தது. உடைந்த விரல் தடிக் கம்பியில் வழுக்கிப் போக, காவடிகள் சுழல ஆரம்பித்தன. கண்ணீர் என் கண்ணை மறைத்தது. பாட்டு முடிந்ததும் அண்ணன் மைக்கில், “வெளிநாட்டுப் பிக்கப்புய்யா!” என்றார். குனிந்துகொண்டேன்.

அதன்பின் அந்தப் பேச்சு ஊர் ஊராகப் போனது. இந்த வருடம் பக்கத்து ஊரான தேவாரத்துக் குழுவிலிருந்து ஒருவர் கிட்டாரோடு வந்தார். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டுப் புதுசு மாற்றினாராம், தடிக் கம்பி இன்னும் அழுகிறதாம். பார்த்தால், பிக்கப் கம்பியை முட்டிக்கொண்டு நிற்கிறது! இறக்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் கம்பி தெளிந்தது. அவர் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப என் பழசுலயும் இதைப் பண்ணியிருக்கலாமாண்ணே? அதைத் தூக்கிப் போட்டுட்டேனே.”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் அவரிடம் சொன்னேன். பிறகு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர், “லாட்டை நீ சரியாத்தான் வச்ச. பேரை ஒட்டுனது நானு. ஒட்டும்போது நீ ஏன்டா சும்மா நின்ன?” என்றார். மச்சினனிடமும் சொன்னேன், இதை எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். அவன் இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, “நாலு வருசமாத் தம்பட்டம் அடிச்சிருக்கேன் மாமா. வெரசா எழுதிப் போடுங்க. ஆனா என் பேரு வரக் கூடாது” என்றான். அதனால் இதில் யார் பெயரும் இல்லை.

படிக்கிறவர்கள் தங்கள் பஜனைக் குழுக்களுக்கும் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கும் இதை அனுப்புங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். புதுசு மோசம் என்று நான் சொன்னதாகச் சேர்க்காதீர்கள், லாட் இரண்டும் நல்ல சரக்குதான். முருகனே வந்து ஸ்குரூவைத் திருகினான் என்றும் எழுதிவிடாதீர்கள், திருகினது நான். மனசில் அன்றைக்குக் குத்தினது அவன் என்று நம்புகிறேன். நான் பயந்து தலையை ஆட்டினேன் என்ற இடத்தையும் வெட்டாமல் அப்படியே அனுப்புங்கள்.