காதால் மெஷின் பார்க்கிறவர்

நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை ஓடுகிற மெஷின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, ஒரு கண்ணை மூடிக் கேட்கிறார் உத்திராபதி ஆசாரி. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பது போலத்தான். என்ன, டாக்டர் லுங்கியை மடித்துக் கட்டியிருக்க மாட்டார்.

பெரம்பலூர் திருச்சி ரோட்டில் அவர் தச்சுப் பட்டறை. எங்கள் வீடு அடுத்த சந்து. ரோட்டில் போகிற பஸ்ஸைத் திரும்பிப் பார்க்காமலே, "கிளட்ச் தேஞ்சுபோச்சு, பாடாலூர் தாண்டாது" என்பார். என் சைக்கிள் மட்கார்டு ஆடுகிற சத்தத்தை வைத்தே "வாடா வாலு" என்றுவிடுவதால், அவர் பீடிக்கட்டை ஒளித்துவைக்க நடந்துதான் போகவேண்டியிருக்கிறது.

மெஷின், அவர் மச்சான் சவுதியிலிருந்து கொண்டுவந்த பிளானர். மரம் இழைப்பது. சாரத்திலிருந்து விழுந்த பிறகு ஆசாரிக்கு வலது தோள் எழும்பாது. கை இழைப்புளியைத் தள்ள முடியாது. விஜயதசமியன்று முதல் வேலைக்கு ஸ்விட்சைத் தட்டினால், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல அது அலறியது. பாடாலூர் செல்லதுரையின் புது வீட்டுக் கதவை மறுநாள் மாட்டியாக வேண்டும். பலகை பாதி கூட இழைத்தபாடில்லை.

"டேய், உண்மையச் சொல்லு. உள்ள என்னத்தடா போட்ட?"

"சத்தியமா நான் இல்ல மாமா. நான் செஞ்சா சத்தமே வராது."

"அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டார். "எவனா இருந்தாலும் கைய ஒடிக்காம வுடமாட்டேன்."

அவர் மனைவி பாக்யலட்சுமி அத்தை நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. "ஏங்க, நேத்து ஆயுத பூசையில நான் ஏதும் கொறை வச்சுட்டேனா?"

"சாமிக்கு வேற வேல இல்லையா? நீ போயி காப்பி போடு."

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினார். சத்தம் குறையவில்லை. "அப்ப பிளேடு இல்ல, மோட்டாருதான்." குரல் இறங்கிவிட்டது. உள்ளே ஆர்மேச்சர் சுருள் கருகிப்போயிருந்தால் சரிபண்ணத் திருச்சிக்குப் போகவேண்டும். பண்டிகைக்கு அங்கேயும் கடை அடைப்பு. பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்தார். சுருளை மோந்து பார்த்தார். கருகல் வாசனை இல்லை. விரலால் சுற்றினார். "பேரிங்கும் நல்லாத்தான் இருக்கு." கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார்.

மோட்டார் ஃபேன் இடுக்கிலிருந்து ஒரு பொட்டுக்கடலை அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதில் குங்குமம் வேறு.

முந்தின நாள் அத்தை மெஷினுக்குப் பொட்டு வைத்து, காற்றுத் துளை நிறையப் பொரிகடலையைக் கைகையாக அள்ளித் தூவியது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"என்னங்க, கண்டுபுடிச்சிட்டீங்களா?"

அவர் உள்ளங்கை சட்டென்று மூடிக்கொண்டது. "ஒரு ஸ்குரூ லூசா இருந்துச்சு, அவ்ளோதான்."

மூடியை மாட்டி ஸ்விட்சைத் தட்டினார். ஒரே சீரான ரீங்காரம். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆசாரி மீசையைத் துடைப்பது போல மூடிய கையை வாய்க்குக் கொண்டுபோய், என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே மெல்ல மென்றார்.