இருபத்து நாலாம் எண்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நான் கதை விடுகிற ஆள் இல்லை. இது நடந்தது நடுராத்திரியிலும் இல்லை. போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சிப்பொழுது. லேப்டாப்பில் பதிவாகியிருந்த நேரங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் தினகரன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மானாம்பதி போகிற சாலையில் ஒரு கோழிக்கறி கம்பெனி. அங்கே கேமராப் பதிவுகளைச் சேமித்து வைக்கப் புதிதாக ஒரு பேக்கப் பெட்டி வாங்கியிருந்தார்கள். அதை நெட்வொர்க்கில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேர வேலை.

11.20க்கு ஆபீசைத் திறந்து உள்ளே போனேன். ஆபீசுக்கு எதிரே, இருபது அடி தள்ளி, ஃப்ரீசர் ரூம். மைனஸ் பதினெட்டு டிகிரி. அதற்குள் அப்போது இளவரசி மாட்டிக்கொண்டிருந்தாள். வயது இருபத்திரண்டு. கதவின் உள்கைப்பிடி உடைந்திருந்தது. வெளியிலிருந்து ஒற்றைக் கையால் இழுத்தால் திறந்துவிடும். பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். இவள் வெளியே வந்தாளா என்று ஒருவரும் பார்க்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததை நீங்கள் தெரிந்தே படிக்க வேண்டும்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. ஒரே எண்ணை இரண்டுக்குக் கொடுத்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும். எனக்கு 24தான் ராசி. கூட்டுத்தொகை ஆறு வரவேண்டும் என்று ஜோசியர் சொன்னதிலிருந்து பைக் நம்பர், போன் நம்பர், கடை திறந்த தேதி எல்லாம் ஆறுதான். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பேக்கப் பெட்டிக்கு 24 கொடுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

11.34. எண்ணைத் தட்டினேன். ‘இந்த எண் வேறொரு கருவியிடம் இருக்கிறது’ என்று திரையில் வந்தது. இருநூறு எண்களுக்கு மேல் சும்மா கிடந்தன. 25 என்று போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். போடவில்லை. அவ்வளவு திமிர் எனக்கு.

11.41. மேசைமேல் இருந்த போன் அடித்தது. அதன் சின்னத் திரையில் 24. எடுத்தேன். ‘உஸ்ஸ்ஸ்...’ என்று காற்று இரைச்சல். அதற்குள்ளே ‘டக்... டக்... டக்...’ பல்லோடு பல் மோதுகிற சத்தம். “யாருங்க?” என்றேன். அதே ‘டக்... டக்...’தான். லைன் கோளாறு என்று வைத்துவிட்டேன்.

அங்கே உள் போன்களும் அதே நெட்வொர்க்கில், அதே எண்ணில்தான். ஆக, என் எண்ணைப் பிடித்துவைத்திருந்தது ஏதோ ஓர் உள் போன். கேபிள்கள் சேரும் இடத்தில் பெயர் எழுதாத கேபிள் ஒன்றே ஒன்று இருந்தது. இது எங்கே போகிறது என்று கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கேட்கவில்லை. 11.50க்குப் பிடுங்கிப் போட்டேன். ஃப்ரீசருக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் பட்டனை அமுக்கிக் கூப்பிடுவதற்காக வைத்த போன் அது.

12.10க்கு வாட்ச்மேன் கன்னியப்பன் வந்தார். பின்னாலேயே ஓர் அம்மா. மார்த்தாள். இளவரசியைப் பெற்றவள்.

“சார், எம் பொண்ணு காலைல ஆறு மணிக்கு வேலைக்கு வந்துச்சு. இன்னும் வூடு வந்து சேரல. போன் போட்டா சுவிட்ச் ஆப்புன்னு வருது. கேமராவுல கொஞ்சம் பாரு சார்.”

“எல்லாம் பத்து மணிக்கே பூட்டாங்கோ. எவன் வண்டிலயாவது ஏறிக்கினு போயிருக்கும். இன்னாத்துக்கு சாரைப் பேஜார் பண்ற?” என்றார் கன்னியப்பன்.

பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழையபடி கேமராவைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

“சிஸ்டம் ஓடலம்மா. நாளைக்கு வா,” என்றேன்.

அவள் போகவில்லை. கேட்டோரம் வெயிலில் நின்றாள்.

12.25. மறுபடி 24 கொடுத்தேன். மறுபடி அதே செய்தி. எனக்குச் சுருக்கென்றது. கேபிளைத்தான் பிடுங்கிவிட்டேனே?

ஓர் எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கக் கட்டளை உண்டு. அந்தக் கருவிக்கு உயிர் இருந்தால் பதில் சொல்லும். எத்தனை மில்லி செகண்டில் சொன்னது என்றும் திரையில் தெரியும்; அது ஏற ஏற, பதில் பிந்துகிறது என்று அர்த்தம். 24ஐக் கூப்பிட்டேன்.

பதில் வந்தது. 1... 1... 1...

கேபிளின் முனை என் கையில் இருந்தது.

12.38. மேசை போன் அடித்தது. 24.

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்தது கோபம் ஒன்றுதான். எடுத்தேன். அதே இரைச்சல். அதே ‘டக்... டக்...’

“வர்றேன், இரு,” என்று நக்கலாகச் சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜன்னல் வழியே பார்த்தேன். மார்த்தாள் யாருடனோ செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடையைக் கட்டினாள். விட்டது தொல்லை என்று இருந்தது.

12.55. லேப்டாப் கேபிளைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கினேன். அங்கே பதில் சொல்ல எதுவுமே இல்லை.

பதில் வந்தது. 40...

1.10. 300...

வெளியே நாற்பது டிகிரி வெயில். என் உள்ளங்கால் ஜில்லிட்டது. வாயிலிருந்து புகை வந்தது.

1.22. 1900...

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. திரையைப் பார்த்துக் கத்தினேன்.

“செத்துத் தொலையேன்!”

1.31. 3900...

1.33...

பதில் இல்லை.

கை தட்டினேன். சத்தியமாகக் கை தட்டினேன்.

24 கிடைத்துவிட்டது. பெட்டியைச் சேர்த்தேன். அந்த ஒரு கேபிளைத் தவிர மற்றதையெல்லாம் சொருகினேன். இரண்டு மணிக்கு ஆபீசைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சாயந்திரம் ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்தவர்கள் ஃப்ரீசரைத் திறந்தார்கள். போனுக்குக் கீழே சுவரில் சாய்ந்து நின்றபடியே விறைத்திருந்தாளாம். பட்டன்மேல் விரல் ஒட்டிக்கொண்டிருந்ததாம். வெந்நீர் ஊற்றித்தான் எடுத்தார்களாம்.

கம்பெனி முதலாளி எனக்குப் போன் செய்தார். கேபிளைப் பிடுங்கியதைச் சொன்னேன். போலீஸ் வருவதற்குள் ஓடிவந்து கேபிளைச் சொருகச் சொன்னார். சொருகினேன். 24 இரண்டுக்கும் இடிக்காமல் இருக்கப் பெட்டியைக் கழற்றி வைத்தேன். பாவி நான். போன் நன்றாகத்தான் இருக்கிறது, பயத்தில் அந்தப் பெண்தான் சரியாக அமுக்கவில்லை என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மார்த்தாள் என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அன்னிக்கு எம் பொண்ணு ஆபீஸ் போனுக்கு அடிச்சாளா நைனா?”

“இல்லம்மா. அடிக்கவே இல்ல.”

“அடிச்சேன்னு சொன்னாளே.”

“யார்கிட்ட?”

“எங்கிட்டதான். நான் கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன். அவ நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு. ‘எம்மா, ஆபீஸ்ல கீற அண்ணன் போன எடுத்துட்டாரு. வர்றேன், இருன்னு சொல்லிட்டாரு. நீ வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ’ன்னா. அவ பேச்சக் கேட்டு நான் பூட்டேன் நைனா. போய் அவளுக்குச் சோறு ஆக்கி வச்சேன்.”

தன் செல்போனை என் முன்னால் நீட்டினாள். இளவரசி. 12.39. ஐம்பத்தொரு வினாடி.

கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் செல்போனை உள்ளே எடுத்துப்போகக் கூடாது. அணைத்து லாக்கரில் வைத்துவிட வேண்டும். இளவரசியின் லாக்கரை உடைத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். உள்ளே இருந்த செல்போனை ஆன் செய்து பார்க்கச் சொல்லி போலீஸ் என்னிடம்தான் கொடுத்தது. அன்று காலை 5.52க்கே அதை அணைத்திருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் போனிலிருந்து ஓர் அழைப்புகூடப் போயிருக்கவில்லை.