காமாலை என்று எழுதிய சீட்டு

முத்தம்மாள் குமராட்சிப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைக்கிறவள். ஆறு வருஷமாக ஒரே ஒரு பொய்யைச் சொல்லிவந்தாள். மகன் ராபர்ட் மஞ்சள்காமாலையில் செத்தான் என்று. அவன் குடித்தது பூச்சிமருந்து. வாயில் தள்ளிய நுரையைத் துடைத்தது அவளும் புருஷன் லூர்துசாமியும் மட்டும்தான். தற்கொலை என்றால் கல்லறையில் இடம் தரமாட்டார்களோ என்று பயந்து, பங்குச் சாமியாரிடமே காமாலை என்றார்கள். கோயில் மணி அடித்து அடக்கம் நடந்தது. லூர்துசாமியும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பொய்க்கு அவள் ஒருத்தியே காவல்.

கேள்வி ஒன்று மட்டும் அவளை விடவில்லை. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவனை ஆண்டவர் சேர்த்துக்கொண்டிருப்பாரா?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அடுத்த வீட்டு எழிலரசியோடு செம்மண்டலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனாள். பிரதர் ஞானசேகரன் என்கிற தீர்க்கதரிசியின் கூட்டம். எழிலரசி மகள் அனுப்பிரியாவையும் கூட்டிவந்திருந்தாள். பதினாலு வயது. வலிப்பு வரும்.

வாசலில் மேசை போட்டு ஒரு பெண் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பேர், ஊர், என்ன மனபாரம்?

"மகன் எப்படிம்மா இறந்தாரு?"

பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. "காமாலைங்க."

பாட்டெல்லாம் முடிந்து, பிரதர் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினார். "குமராட்சியிலேருந்து வந்த தாயே, எழுந்திரு! கண்ணெல்லாம் மஞ்சளா ஒரு வாலிபனைக் கர்த்தர் எனக்குக் காட்டுறார். காமாலையில போன உன் மகன் என் மடியில இருக்கான்னு சொல்றார்!"

அல்லேலூயா என்று மண்டபம் அதிர்ந்தது. எழிலரசி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். முத்தம்மாளுக்கு அழுகை வரவில்லை. சாமியாரை ஏமாற்றலாம், ஊரை ஏமாற்றலாம். ஆண்டவருக்குமா தெரியாது? அப்புறம்தான் வாசல் மேசை ஞாபகம் வந்தது.

அடுத்து அனுப்பிரியாவின் தலையில் பிரதர் கை வைத்தார். "இன்னையோட விடுதலை. இனிமே மாத்திரை போட்டா அது அவிசுவாசம்."

திரும்பும் பஸ்ஸில் அனுப்பிரியா அம்மா தோளில் தூங்கினாள். எழிலரசியின் கையில் மாத்திரைக் கவர்.

"வெள்ளாத்துப் பாலம் வரட்டும்க்கா. தூக்கிக் கடாசிட்றன்."

"அவசரப்படாத எழிலு. ஒரு வேளகூட நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரே."

"டாக்டரு என்னா தீர்க்கதரிசியா? பிரதரு உன்ன முன்னபின்ன பாத்திருக்காரா? காமாலைன்னு புட்டுப்புட்டு வச்சாரே! அதப் பாத்துதான்க்கா எனக்கு நம்பிக்கையே வந்துச்சி."

பி.முட்லூர் தாண்டியது. எழிலரசி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள். பாலம் வந்துவிட்டது.

"எம்புள்ள காமாலையில சாவல" என்றாள் முத்தம்மாள்.

"என்னாக்கா ஒளர்ற?"

"மருந்து குடிச்சிட்டான்டி. காமாலைங்கறது நான் சொன்ன பொய். வாசல்ல சீட்டு எழுதுன பொண்ணுகிட்டயும் அதத்தான் சொன்னேன். ஆண்டவரு காட்டியிருந்தா நெசத்த இல்ல காட்டியிருப்பாரு?"

வெளியே நீண்டிருந்த கை அப்படியே நின்றது. கீழே தண்ணீர் ஓடி முடிந்து, கரை வந்தது. முன்சீட்டிலிருந்த ஊர்க்காரர் மணவாளன் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி முத்தம்மாளைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

எழிலரசி கவரைப் பைக்குள் திணித்தாள். சிதம்பரத்தில் இறங்கும்போதுதான் கேட்டாள்.

"அப்ப ராபர்ட்டு ஆண்டவரு மடியில இருக்குதுன்னாரே... அதுவும் பொய்யாக்கா?"

முத்தம்மாள் அனுப்பிரியாவின் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டாள்.

"சாயங்கால மாத்திரைய மறக்காம குடு" என்றாள்.