சூளைக்குள் போன இளவரசன்

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் மெட்ராஸிலிருந்து வாரப் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். விருத்தாசலம் ஜங்ஷனில் அப்பா பார்சல் குமாஸ்தாவாக இருந்தார். ஏஜெண்டு கட்டைப் பிரித்ததும் முதல் பிரதியை அப்பாவிடம்தான் நீட்டுவார். ஆகவே அதில் வந்த சரித்திரத் தொடர்கதையில் இளவரசனுக்கு அந்த வாரம் என்ன ஆயிற்று என்பது ஊரிலேயே முதலில் தெரிந்தவர் என் அப்பா. வாரத்தில் மற்ற ஆறு நாளும் அப்பாவை அதட்டுகிற மேலதிகாரி, அந்த ஒரு நாள் மட்டும் குரலைத் தாழ்த்தி, "என்னாச்சுங்க, தப்பிச்சானா?" என்று கேட்பாராம். அப்பா பதில் சொல்லாமல் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாராம்.

அறுபதுகளின் கடைசி அது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை எழுதியவர் வெறும் மனிதர் என்று நான் நம்பவில்லை. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய அரண்மனையில் யார் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள் என்பதுகூடத் தெரிந்தவர், எப்படியோ அங்கே இருந்திருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த வாரத்து அத்தியாயத்தில், சிற்றப்பனிடம் நாட்டைப் பறிகொடுத்த இளவரசனை நாற்பது குதிரைவீரர்கள் துரத்தினார்கள். ஒரு குயவர் குடியிருப்பின் ஓரத்தில், புகை வந்துகொண்டிருந்த பானைச் சூளைக்குள் அவன் குதித்தான். 'தொடரும்' என்று போட்டிருந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அத்தையோ படித்துவிட்டுக் கடகடவென்று சிரித்தாள்.

"என்னாத்துக்கு சிரிக்கிற?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"இளவரசன் வெந்துட்டான் அண்ணி."

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடு இருந்தாள். ஊருக்கு வெளியே ஒரு பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்கும் பொம்மைகளுக்கும் மெருகுப் பால் பூசி, சூளையில் அடுக்குகிற வேலை. வேலைக்குப் போகிற பெண் என்பதாலேயே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் அம்மா பேசுவாள், அப்பா பேசுவார், அத்தை பேசமாட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி இருக்கும். எங்கள் வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. அப்பா முதலில் குதித்து இறங்கி, உள்ளே இருந்தவருக்குக் கைகொடுத்தார். குட்டையான, தடித்த ஒருவர் மெல்ல இறங்கினார். மூக்குக்கண்ணாடியின் வில்லைகள் கனமாக இருந்தன. வலது மணிக்கட்டில் பெரிய கட்டு. அப்பாவின் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. வந்தவருக்கு, பத்திரிகையில் தொடர்கதைத் தலைப்புக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் அதே முகம். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எத்தனையோ ஆயிரம் குதிரைகளை ஓடவிட்டவர், எங்கள் ஊர் நொண்டிக் குதிரையின் வண்டியில் வந்து இறங்கியது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

நடந்தது இதுதான். பழமலைநாதர் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்க வந்தவர், மழையில் நனைந்திருந்த படியில் கால் வழுக்கிக் கையை ஊன்றிவிட்டார். டாக்டர் கட்டுப் போட்டு, ஒரு வாரம் பேனாவைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த வாரத்து அத்தியாயம் இன்னும் எழுதப்படவில்லை. மாலை ஐந்து மணி வண்டியில் அது மெட்ராஸுக்குப் போயாக வேண்டும். அச்சகத்தில் காத்திருப்பார்கள். ஸ்டேஷனுக்கு வந்து, சொல்லச்சொல்ல எழுத யாராவது கிடைப்பார்களா என்று அவர் கேட்ட இடம் பார்சல் ஆபீஸ்.

"எங்க வூட்ல என் தங்கச்சி இருக்குதுங்க. எஸ்.எஸ்.எல்.சி. படிச்சது. எழுத்து ஒவ்வொண்ணும் அச்சாட்டம் இருக்கும்" என்று சொல்லி அழைத்துவந்துவிட்டார் அப்பா. அவரை விட்டுவிட்டு அதே வண்டியில் டூட்டிக்குத் திரும்பவும் வேண்டியிருந்தது. வாழ்நாளில் அப்பா அவ்வளவு துக்கத்தோடு வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

காபி குடித்துவிட்டு எழுத்தாளர் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து கையால் வரைந்த ஒரு வரைபடம், பழைய பஞ்சாங்கம், ஒரு நோட்டு. நோட்டின் ஒரு பக்கத்தில் 'இறந்தவர்கள்' என்று எழுதி வரிசையாகப் பெயர்கள். நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார்: "ஒரு தளபதியைக் கொன்னுட்டு, அடுத்த மாசம் மறந்துபோய்ப் பேசவச்சுட்டேன். கடுதாசியா வந்து குவிஞ்சுது. அதிலேர்ந்து எழுதி வச்சுக்கறது." பஞ்சாங்கத்தைப் பார்த்து, கதையில் அன்றைக்கு வளர்பிறையா தேய்பிறையா என்று கணக்குப் போட்டார். பெண்ணாடத்துக்கு இங்கிருந்து எத்தனை மைல் என்று அம்மாவைக் கேட்டார். "பஸ்ஸுல போனா சீக்கிரம் போயிடலாங்க" என்றாள் அம்மா. அவர் அதையும் மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

பிறகு எழுந்து கூடத்தில் நடக்க ஆரம்பித்தார். அத்தை கீழே உட்கார்ந்து, பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதினாள். முதல் இரண்டு பக்கம் குதிரைவீரர்கள் குடியிருப்பைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். அவர் படைத்தலைவன் குரலில் உறுமினார். கிழக் குயவர் குரலில் நடுங்கினார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. கட்டுப் போட்ட கையோடு ஒரு தடித்த மனிதர் எங்கள் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். ஆனால் எனக்குக் குளம்படி கேட்டது. கதை இப்படித்தான் உண்டாகிறதா, ஒரு வாயிலிருந்தா, என்று இருந்தது.

"எழுதிக்கோம்மா. சூளைக்குள் நிலவிய இளஞ்சூடு, நாளெல்லாம் அலைந்து களைத்த அவனுடைய உடலுக்கு இதமாக இருந்தது..."

அத்தையின் பேனா நகரவில்லை.

"ஏம்மா நிறுத்திட்டே?"

"இளஞ்சூடு இருக்காதுங்க ஐயா."

"என்ன?"

"சுட்டு முடிஞ்ச சூளை ஆறவே ரெண்டு மூணு நாளாவுங்க. அதுவரிக்கும் கையை வெச்சா தோல் உரிஞ்சிடும். குதிச்சாருன்னா, அங்கியே முடிஞ்சிதுங்க."

சமையலறை வாசலில் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவரைப் போய் எதிர்த்துப் பேசுகிறாளே, இப்போது கோபித்துக்கொண்டு போய்விடுவாரே, இளவரசன் கதி என்ன ஆகும்?

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "குதிச்சாச்சேம்மா. வெள்ளிக்கிழமையே ஊரெல்லாம் படிச்சுடுத்தே. புகை வந்ததுன்னு வேற எழுதித் தொலைச்சுட்டேன்" என்றார். யாரையும் கொல்லவும் பிழைக்க வைக்கவும் முடிந்தவர் என்று நான் நம்பியிருந்தவர், கைகால் ஓடாமல் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி அடித்தது.

அத்தை பேனாவை மூடி வைத்தாள். "புகை இருந்தா பரவாயில்லீங்க" என்றாள் பிறகு.

"எப்படி?"

"பச்சைப் பானையில ஈரம் இருக்குமில்லீங்களா. எடுத்த எடுப்புல பெரு நெருப்பு போட்டா படபடன்னு வெடிச்சிடும். அதனால மொதல்ல வைக்கோலும் எருவும் வெச்சி லேசா புகை மூட்டம் மட்டும் போடுவாங்க. அப்ப உள்ள சூடு தாங்கலாம். மூக்குல ஈரத் துணி கட்டிக்கிட்டா கொஞ்ச நேரம் சமாளிக்கலாங்க." நிறுத்தி, மெல்லச் சொன்னாள்: "ஆனா விடிஞ்சதும் பெரு நெருப்பு வெக்க வந்துடுவாங்க."

எழுத்தாளர் எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"விடிஞ்சதும் நெருப்பு வைக்க வருவாங்க! வெளியே குதிரைக்காரன் நிக்கறான். உள்ளே இவன். அப்புறம்?"

"அடுக்குன பொண்ணு கண்டுபுடிச்சிடுவாங்க."

"அடுக்கினது பொண்ணா?"

"பின்ன? எங்க பட்டறையில நாங்கதானுங்க அடுக்குறோம். ஒரு சட்டி ஒரு வெரக்கடை நவுந்திருந்தாலும் அடுக்குனவளுக்குத் தெரியும். அவ பார்த்துட்டு, வெளியில காட்டிக்க மாட்டா. ஈரம் போவல, இன்னும் ரெண்டு நாழி பொறுங்கன்னு அவங்க அப்பாகிட்டச் சொல்லிடுவா."

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. அவர் நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினார். அவர் கேட்க, அத்தை சொல்ல, அவர் அதை வேறு ஒன்றாக மாற்றித் திருப்பிச் சொல்ல, அத்தை எழுதினாள். வைக்கோல் பிரி, ஈர மண் வாசனை, முதல் நெருப்பை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்பது வரைக்கும் கேட்டார். அத்தையின் வாயிலிருந்து சாதாரணமாக வந்த ஒவ்வொன்றும் அவர் வாயைத் தாண்டியதும் பொன்னாக மின்னியது. மண் அப்பிய கையோடு, பயப்படாத கண்ணோடு ஒரு குயவர் மகள் எங்கள் கூடத்தில் எழுந்து நின்றாள். அவள் நெருப்புப் பந்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சூளைக்குள் குனிந்து பார்க்கிற இடத்தில், "தொடரும்" என்றார். அம்மா, "ஐயோ" என்றாள்.

நாலேகாலுக்கு அப்பா வந்து, அத்தியாயத்தைப் போட்டு ஒட்டிய உறையை வாங்கிக்கொண்டு, மார்போடு அணைத்தபடி ஓடினார். ஐந்து மணி வண்டியின் கார்டு கையில் நேராகக் கொடுத்ததாக அப்புறம் சொன்னார்.

திருச்சி வண்டிக்குக் கிளம்பும்போது எழுத்தாளர் அத்தையைப் பார்த்து, "என் இளவரசனைக் காப்பாத்திக் கொடுத்துட்டே. உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். நானாக இருந்தால் அந்தப் பேனாவைக் கேட்டிருப்பேன்.

அத்தை தரையைப் பார்த்தபடி, "அந்தப் பொண்ண சாவடிச்சிடாதீங்க" என்றாள்.

"ஏன் அப்படிக் கேக்கறே?"

"இந்த மாதிரிப் பொண்ணுங்க கதையில வந்தா, கடைசியில இளவரசனுக்கு வர்ற அம்பை மார்ல வாங்கிக்கிட்டு செத்துப் போயிடுதுங்க. அதான்."

அவர் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்து, "சாகமாட்டா. இது சத்தியம்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊரே அந்தச் சூளையைப் பற்றிப் பேசியது. பட்டறையில் எல்லாரும், "இதான் சூளை! இவரு எங்கியோ கூட இருந்து பார்த்திருக்காரு" என்று சொன்னார்களாம். அத்தை வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். குயவர் மகள் அடுத்தடுத்த வாரங்களில் இளவரசனை ஒளித்துவைத்தாள், காயத்துக்கு மருந்திட்டாள், வெள்ளாற்றைக் கடக்க வழி காட்டினாள். அந்த வாரங்களில் அத்தை பத்திரிகையை அப்பாவிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தாள். பிறகு இளவரசன் குதிரையேறிப் போனான். கதை தலைநகருக்குப் போய்விட்டது. யுத்தம் வந்தது. அம்புகள் பறக்கிற ஒவ்வொரு வாரமும் நான் கையை இறுக மூடிக்கொண்டு படித்தேன்.

கடைசி அத்தியாயம் முடிசூட்டு விழா. யானைகள், முரசு, இளவரசனுக்குப் பக்கத்தில் பாண்டிய இளவரசி. நான் ஒரு வரி விடாமல் இரண்டு முறை படித்தேன். குயவர் மகள் எங்கேயும் சாகவில்லை. ஆற்றங்கரையில் நின்று, குதிரை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாளே, அதோடு சரி. அதற்கப்புறம் அவள் பேச்சே வரவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவ்வளவு பெரிய மனிதர், எத்தனையோ ராஜாக்களை நினைவு வைத்துக்கொள்ள வேண்டியவர், எங்கள் கூடத்தில் கொடுத்த வாக்கை மறக்கவில்லையே!

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினேன். "அத்தை, அவரு சொன்ன மாதிரியே செஞ்சிட்டாரு. அவ சாவவே இல்ல!"

அத்தை நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாள். முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் கடைசிப் பக்கத்துக்கு வந்து, முடிசூட்டு விழாவின் படத்தில் கூட்டமாக வரைந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

"ஆமாண்டி, சாவல" என்றாள்.

பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவ்வளவு பெரிய வாக்கைக் காப்பாற்றியவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று, தெருமுனை வரைக்கும் அவள் முதுகையே முறைத்துக்கொண்டு நின்றேன்.