பூஜை மேசையில் இரண்டு மெஷின்கள்

சிங்காநல்லூரில் பம்ப்செட் உதிரிபாகங்கள் விற்கும் மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் நிலோஃபர் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயது. கோட்டைமேட்டில் அவர்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். அத்தா அப்துல் வஹீது பெரிய கடைவீதிக் கடைகளுக்குத் தராசு பழுது பார்த்துக் கொடுப்பவர். அக்கா பக்ருன்னிசா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். நிலோஃபர் பன்னிரண்டாவது முடித்தாள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தாள். காந்திபுரத்தில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்தாள். மூன்று சர்டிபிகேட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தவள் அக்காதான். ஓரம் மடங்காமல் இருக்க உள்ளே அட்டையும் வெட்டிச் செருகியிருந்தாள்.

கம்பெனியில் அவளை டெலிபோனுக்கு உட்கார வைத்தார்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்தும் சூலூரிலிருந்தும் டீலர்கள் கூப்பிட்டு, இன்ன பேரிங் இருக்கிறதா, இன்ன சீல் இருக்கிறதா என்று கேட்பார்கள். அவள் பின்பக்கம் குடோனுக்கு ஓடிப் போய் ஃபோர்மேன் நஞ்சுண்டனிடம் கேட்பாள். அவர் ரேக்கில் தொங்கும் அட்டையைப் பார்ப்பார். வரும் சரக்கையும் போகும் சரக்கையும் அந்த அட்டையில்தான் எழுத வேண்டும். அவசரத்தில் சரக்கை எடுத்தவன் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று போயிருப்பான். அட்டை இருக்கிறது என்று சொல்லும். அதை நம்பி நிலோஃபரும் இருக்கிறது என்று சொல்வாள். டீலரின் ஆள் பஸ் பிடித்து வந்து இறங்கினால் ரேக் காலியாக இருக்கும்.

ஒரு கோடையில் கோபிப் பக்கத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர், மோட்டார் நின்றுபோய், இரண்டு தடவை ஆளனுப்பினார். இரண்டு தடவையும் சீல் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை அவரே போனில் வந்தார். திட்டவில்லை. "நீ இருக்குதுன்னு சொன்னியேம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து நிலோஃபர் அக்காவிடம் சொன்னாள், கண்ணால் பார்க்காத சரக்கை இருக்கிறது என்று சொல்லும் இந்த வேலை தனக்கு வேண்டாம் என்று.

1999இல் முதலாளி வெங்கடபதி பெங்களூர்ப் பொருட்காட்சி ஒன்றில் கையில் பிடிக்கும் மெஷினைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று மாதம் வைத்துப் பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சில் இரண்டு மெஷின்கள் குடோனுக்கு வந்தன. செங்கல்லைவிடக் கொஞ்சம் மெலிந்த சாம்பல் நிறப் பெட்டி. மேலே நான்கு வரி தெரியும் சின்னத் திரை, கீழே எண் பொத்தான்கள். மூக்கிலிருந்து சிவப்பு வெளிச்சம் வரும். ரேக்கில் ஒட்டிய பார்கோடு ஸ்டிக்கரின் மேல் அந்த வெளிச்சம் பட்டால் 'பீப்' என்று கத்தும். உடனே சரக்கின் பெயர் திரையில் வரும். எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பொத்தானில் அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஆபீசில் உள்ள ஸ்டாண்டில் மெஷினை நிறுத்தினால் சார்ஜும் ஏறும், கணக்கும் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டரில் இறங்கும். இறங்கிய பிறகுதான் அந்தக் கணக்கு நிலைக்கும். அதற்கு முன்னால் சார்ஜ் முழுதாகத் தீர்ந்துவிட்டால் உள்ளே உள்ளது அத்தனையும் அழிந்துவிடும் என்று பெங்களூர் இன்ஜினியர் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மெஷினைப் பழகத் தானாக முன்வந்தவள் நிலோஃபர். ஸ்டிக்கர்களை அடித்து ஒட்டியதும் அவள்தான். லோடுமேன்களில் கந்தப்பன் மட்டும் ஆசையாகக் கற்றுக்கொண்டான். மற்றவர்கள் அதற்குப் 'பீப் பொட்டி' என்று பெயர் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். டெலிபோனை அக்கவுண்ட்ஸ் பையன்கள் மாற்றி மாற்றி எடுத்தார்கள். அதனால் முதலாளிக்கு எரிச்சல். அரைவருடச் சரக்குக் கணக்கை ஆயுதபூஜைக்கு முன் மெஷினில் எடுக்கச் சொன்னார். பூஜை முடிந்து கடை திறக்கும் புதன்கிழமை அந்தக் கணக்கு தன் மேசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் பெங்களூருக்கு, நிலோஃபர் டெலிபோனுக்கு என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அது உறுதியாகப் பட்டது.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். நிலோஃபர் மெஷினில் இம்பெல்லர், ஷாஃப்ட், காப்பர் ஒயர். கந்தப்பன் மெஷினில் பேரிங், சீல். காலையிலிருந்து ஓடியதில் இரண்டிலும் சார்ஜ் குறைந்த அடையாளம் மின்னத் தொடங்கியிருந்தது. சாப்பிட்டு வந்து ஸ்டாண்டில் நிறுத்திக் கணக்கை இறக்கிக்கொள்ளலாம் என்று இரண்டையும் தன் மேசைமேல் வைத்துவிட்டு அவள் பின்னால் போனாள். அட்டைப்பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் அவள் தொழுவதற்கென்று நஞ்சுண்டனே ஒழித்துக் கொடுத்த இடம் ஒன்று இருந்தது. சாப்பிட்டு, லுஹர் தொழுதுவிட்டு அவள் திரும்பி வந்தபோது மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. மெஷின்களைக் காணவில்லை.

ஞாயிறிலிருந்து லீவு என்பதால் பூஜையைச் சனிக்கிழமையே வைத்திருந்தார்கள். குடோன் நடுவில் பூஜை மேசை போட்டாயிற்று. சாமி படத்துக்கு முன்னால் எடைத் தராசு, ஸ்பேனர் செட், ஆணி பிடுங்கும் கம்பி, பில் போடும் பேனா முதற்கொண்டு வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவே, சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, தலையில் ஆளுக்கொரு செவ்வந்திப் பூவோடு இரண்டு பீப் பொட்டிகளும் உட்கார்ந்திருந்தன. புது மெஷின் என்று நஞ்சுண்டன் அவற்றுக்கு நடு இடம் கொடுத்திருந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரும் மாலை போட்டு அணைந்து கிடந்தது. தீபாராதனை ஆகி லோடுமேன்கள் பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

அங்கே வழக்கம் இதுதான்: பூஜையில் வைத்த கருவியைக் கடை திறக்கும் நாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. வருடம் முழுவதும் உழைத்தது ஓய்வெடுக்கட்டும் என்பார்கள். அந்த நாட்களில் ஒரு ஸ்பேனர் தேவைப்பட்டால்கூடப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இரவல் வாங்குவார்களே தவிர மேசையில் கை வைக்கமாட்டார்கள்.

நிலோஃபர் மேசைக்கு நாலடி தள்ளியே நின்றாள். அவள் மெஷினின் திரையில் அந்த அடையாளம் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. கந்தப்பன் மெஷினின் திரை இருட்டாக இருந்தது. அணைத்து வைத்திருக்கிறார்களா, செத்துவிட்டதா என்று தெரியவில்லை. புதன்கிழமைவரை இப்படியே இருந்தால் இரண்டும் போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது. கேட்டால் முடிவு சொல்லக்கூடிய முதலாளி காலையிலேயே கோபிக்குப் போய்விட்டார். எடுங்கள் என்று தான் சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்றும் அவள் யோசித்தாள். முந்தின வருடக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊரில் எல்லோருமே வார்த்தையை எடைபோட்டுத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குடோனில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லும்படி தானும் வைத்துக்கொள்ளக்கூடாது என்று நினைத்தாள்.

கடைசியில் நஞ்சுண்டனைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது. தூசி இல்லாமல் துடைத்து வைத்தது அவர்தான்.

"எனக்குத் தெரியாமப் போச்சே அம்மணி. ஆனா சாமி முன்னால வெச்சத எப்பிடி எடுக்கறது? எங்கப்பாரு காலத்துலருந்து எடுத்ததில்லீயே."

"எடுக்க வேண்டாமுங்க" என்றாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்கும் அந்த நேரத்தில் தெரியவில்லை.

பேச்சு காதில் விழுந்து லோடுமேன்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் பீப் பொட்டி வந்ததிலிருந்தே தொந்தரவு என்றார். இன்னொருவர் அதுவாவது நான்கு நாள் கத்தாமல் கிடக்கட்டும் என்றார். கந்தப்பன்தான் வாயில் பொரியோடு சொன்னான்:

"ஏனுங் ஃபோர்மேன், சாமிக்குச் சுண்டல் வெச்சோம், நமக்குப் பொரி குடுத்தீங்க. அதுக்கு மட்டும் புதங்கெழம வரைக்கும் பட்டினியுங்களா? லீவு உடறதுன்னா சோறு போட்டுத்தானுங்க லீவு உடோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நிலோஃபர் சிரிக்கவில்லை. அவள் சாமி படத்தைச் சுற்றி எரிந்துகொண்டிருந்த சீரியல் செட் பல்புகளைப் பார்த்தாள். அவற்றின் ஒயர் மேசைக்கடியில் ஒரு ஜங்‌ஷன் பாக்ஸில் போய் முடிந்தது. அதில் இன்னொரு பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது.

ஸ்டாண்டை இங்கே கொண்டுவரலாமா என்று அவள் கேட்டாள். மெஷின் வேலை செய்யாது, இருந்த இடத்திலேயே இருக்கும், சார்ஜ் மட்டும் ஏறும்.

நஞ்சுண்டன் குனிந்து மேசைக்கடியில் ஒருமுறை பார்த்தார். பிறகு, "கொண்டா, அம்மணி. நீ மேசையத் தொட வேண்டா, நாஞ் செய்யறேன். எவனாச்சும் ஏதாச்சும் கேட்டா எங்கிட்டக் கேக்கட்டும்" என்றார்.

ஸ்டாண்டை அவள் ஆபீசிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். மெஷின்களை மேசையைவிட்டு எடுக்காமல் அப்படியே நகர்த்தி அதில் ஏற்றினார். லைட் எரியவில்லை. அடியில் சார்ஜ் ஏறும் பித்தளைப் புள்ளிகளின் மேலும் சந்தனம் அப்பியிருக்கும் என்று நிலோஃபர் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். அவர் தோள் துண்டின் நுனியை எச்சில் படாமல் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, "மூஞ்சியில இருக்கறது இருக்கட்டும். காலை மட்டும் கழுவிக்கலாம்" என்று துடைத்தார். இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தன. கந்தப்பன் மெஷினின் திரையில் மட்டும் எழுத்து வரவேயில்லை.

ஞாயிறும் திங்களும் அவள் வீட்டில் பேசியது குறைவு. அக்கா பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கச் சொன்னால், உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள். விஷயத்தை அக்கா அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். திங்கள் சாயங்காலம் தெருமுனை எஸ்டிடி பூத் பையன் ஷாஹுல் வந்து வாசலில் நின்றான்.

"சிங்காநல்லூர்லருந்து ஒரு பெரியவரு போன் பண்ணாரு. வெளக்கேத்த வந்தாராம். சிவப்பு போயி ரெண்டும் பச்சையாயிருச்சாம். பயப்பட வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு. யாருக்குக்கா ஒடம்பு சரியில்ல?"

அக்கா ஒன்றுமில்லை என்று சொல்லி அவனை அனுப்பினாள். ஆனால் பச்சை என்றால் சார்ஜ் நிறைந்தது என்றுதான் அர்த்தம், கணக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதை நிலோஃபர் அக்காவிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை மறுபூஜை முடிந்ததும் நஞ்சுண்டனே மெஷின்களை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவளுடையதில் இம்பெல்லர், ஷாஃப்ட், காப்பர் ஒயர் எல்லாம் இருந்தன. கம்ப்யூட்டரில் ஒரு வரி குறையாமல் இறங்கின. கந்தப்பனுடையது பெங்களூரிலிருந்து வந்த அன்று இருந்ததுபோல் வெறுமையாக இருந்தது. பேரிங்கும் சீலும் மொத்தமாகப் போய்விட்டன. குடோனில் அதிகம் கேட்கப்படும் சரக்கே அவைதான்.

நஞ்சுண்டன் யாரையும் கேட்கவில்லை. டெலிவரி ஷட்டரைப் பாதி இறக்கினார். சூலூரிலிருந்து வந்து காத்திருந்த டீலரின் ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். லோடுமேன்கள் அத்தனை பேரையும் பேரிங் ரேக்குக்கு விரட்டினார். பீப் பொட்டியைத் தொடாதவர்களும் பெட்டிகளை இறக்கி எண்ணிச் சொன்னார்கள். கந்தப்பன் மெஷினில் அடித்தான், நிலோஃபர் அவன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைச் சரிபார்த்தாள். சீல் ரேக் பாக்கி இருக்கும்போது முதலாளியின் கார் வந்துவிட்டது.

ஷட்டர் ஏன் இறங்கியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வெங்கடபதி உள்ளே வந்தார். மெஷின் பழுது என்று சொல்லிவிடலாம், அவர் நம்பியிருப்பார். நிலோஃபர் அவர் முன்னால் போய் நின்றாள்.

"பாதிக் கணக்கு அழிஞ்சு போச்சுங்க சார். சனிக்கிழமை சார்ஜ் கம்மியா இருக்குன்னு பார்த்தேனுங்க. இறக்காம சாப்பிடப் போயிட்டேன்."

"எடுத்துப் பூஜையில வெச்சது நானுங்க" என்றார் நஞ்சுண்டன்.

வெங்கடபதி இருவரையும் பார்த்தார், கலைந்து கிடந்த பேரிங் பெட்டிகளைப் பார்த்தார். ரேக் ஒன்றில் தொங்கிய பழைய அட்டையைக் கையில் எடுத்து, அதற்கு நேரே மெஷினில் என்ன எண் என்று கந்தப்பனிடம் கேட்டார். அவன் சொன்னான். அட்டை வேறு எண் சொன்னது. முதலாளி கோட்டைக் கழற்றி ஒரு பெட்டிமேல் போட்டுவிட்டு அந்த ரேக்கைத் தானே எண்ணினார். மெஷின் சொன்னதுதான் இருந்தது. இன்னொரு ரேக்கையும் எண்ணினார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, மீதி எப்போது வரும் என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்றாள் நிலோஃபர். வந்தது.

அவர் அந்தத் தாள்களைப் புரட்டி முடிக்கும்வரை அவள் மேசைக்கு எதிரில் நின்றாள். வெளியே டெலிபோன் அடித்தது. ஒரு பையன் ஓடிப்போய் எடுத்து, யாரோ கேட்டதற்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவங்களை வெச்சு ஓட்ட முடியாது" என்றார் வெங்கடபதி. "டெலிபோனுக்கு ஒரு பொண்ணு பாக்கோணும். உங்க பக்கத்துல நல்லாப் பேசற பொண்ணு யாராச்சும் இருந்தாச் சொல்லும்மா."

"பாத்துச் சொல்றேனுங்க" என்றாள் நிலோஃபர்.

வீட்டில் அவள் இதைச் சொன்னது கைகால் கழுவி உட்கார்ந்த பிறகுதான். அதுவும் நேராகச் சொல்லவில்லை. நாளையிலிருந்து சோறு கொஞ்சம் கூட வை, நாள் முழுக்க நடக்கிற வேலை என்றாள். அக்கா எழுந்து போய்ப் பெரிய டப்பாவைத் தேடி எடுத்துக் கழுவி வைத்தாள். மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று ஒருமுறை மூடிப் பார்த்துக்கொண்டாள்.