சேந்தமங்கலத்துப் படியில்லாத வீடு

சேலத்தில் மனை வாங்கிவிட்டு, எப்படி வீடு கட்டுவது என்று தெரியாமல் ஆறு மாதம் முழித்துக்கொண்டிருந்தேன். "சேந்தமங்கலத்தில் பழனியப்பன் தன் குடும்பத்துக்குக் கட்டியிருக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார் மைத்துனர். பழனியப்பன் மதராஸில் படித்த கட்டட நிபுணர். சென்ற தை மாதம் ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

காலை ஆறரை மணி பஸ், ராசிபுரம் வழியாக முப்பத்திரண்டு மைல் உருண்டு, ஒன்பதேகாலுக்கு நாமக்கல்லில் இறக்கிவிட்டது. கட்டணம் பன்னிரண்டு அணா, தூசி இலவசம். அங்கிருந்து ஏழு மைல் ஜட்கா, எட்டணா.

"ஏனுங்க, அந்தப் படியில்லாத ஊட்டுக்குங்களா?" என்றார் வண்டிக்காரர். ஊரெல்லாம் அதே பேச்சாம்.

காய்ச்சலில் இரண்டு கால்களும் விழுந்துபோன மனைவி செல்லாயிக்காகவே பழனியப்பன் போட்ட வீடு அது. உள்ளே எந்தக் கதவு நிலைக்கும் அடியில் குறுக்குக் கட்டையாக வரும் வாசற்படி கிடையாது. கதவுகள் மூன்றரை அடி அகலம். உட்கார்ந்தபடியே தெருவைப் பார்க்கும் உயரத்தில் ஜன்னல்கள். சைக்கிள் சக்கரம் பூட்டிய நாற்காலியில் அந்த அம்மாள் தானே உருட்டிக்கொண்டு வந்து எனக்கு மோர் கொடுத்தார். அசந்துபோனேன்.

தலைவாசலில்தான் கோளாறு. படியில்லாமல் நிலை வைத்தால் மஞ்சள் எதில் பூசுவது என்று ஆசாரி உளியைக் கீழே போட்டுவிட்டாராம். பழனியப்பனும் விட்டுக்கொடுத்தார். நாலு அங்குலப் படி வந்தது. பூசை போட்டு நிறுத்திய நிலையைப் பிறகு அசைக்கவும் கூடாதாம்.

"ஊடு பூரா நானே போயிட்டு வாரேனுங்க. வாசலுக்குப் போவோணும்னா மட்டும் ஒரு ஆளக் கூப்புடோணும்" என்றார் செல்லாயி.

படித்த மனிதர் ஒரு வருடமாகப் படியை எப்படி எடுப்பது என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வழி சொன்னது அம்மாள்தான்: "படியத் தொட வேண்டாமுங்க. தரைய ஒசத்துங்க." அதன்படி இருபுறமும் காரையில் சரிவு போட்டு, நான் போன அன்றுதான் நன்றாகக் காய்ந்திருந்தது. மஞ்சள் பூசிய படியின் மேல்முகம் மட்டும் தரையோடு தரையாகத் தெரிந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு அம்மாள் முதல் முறையாக அதில் ஏறினார். பாதிச் சரிவில் நாற்காலி பின்னால் நழுவியது. பழனியப்பன் பாய்ந்தார், நானும் கை நீட்டினேன்.

"ஆரும் தொடாதீங்க!"

இன்னொரு தள்ளு. படியைத் தாண்டி வெயிலில் போய் நின்று கொல்லிமலையைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழனியப்பன் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வீடு கட்டப்போகிறவர்கள் அவசியம் போய்ப் பாருங்கள். அளவு நாடா கொண்டுபோனால் எல்லா அறையையும் அளக்க விடுகிறார்கள். நாமக்கல் திரும்ப, மாலை ஐந்து மணிக்குமேல் ஜட்கா கிடைப்பது கஷ்டம். தலைவாசலில் அந்த அம்மாள் எதிரே வந்தால் உதவுகிறேன் பேர்வழி என்று ஓடாதீர்கள். ஒதுங்கி வழிவிடுங்கள், போதும்.