உத்தரத்து வண்டும் ஏணித் தூளும்

"ஒட்டுக்கேக்குற சித்தி" என்ற பெயரை அந்த வீட்டு மருமகள் முதன்முதலில் கேட்டது கல்யாணமாகி வந்த மறுவாரம். யாரோ கதவிடுக்கில் காது வைக்கிற பொம்பளை போல என்று நினைத்து, நாலு நாள் புருஷனோடு கிசுகிசுவென்றே பேசினாள். சித்தி மாமியாரின் கூடப்பிறந்த தங்கை. மரச்சாமான் பழுது பார்க்கிறவள். மரத்தில் காதை வைத்துப் பார்க்காமல் உளியைத் தொடமாட்டாள். அதனால் வந்த பெயர்.

மருமகளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது வாசல் உத்தரத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு துளை போட்டது. வீடே இடிந்து விழப்போகிறது என்று மாமியார் ஒரே ஆர்ப்பாட்டம். தங்கைக்குச் சொல்லி அனுப்பினாள்.

சித்தி வந்ததும் துளைக்கு நேர்கீழே கிடந்த தூளை எடுத்து விரலில் தேய்த்தாள்.

"பொடிமணல் மாதிரி நெருடுது. இவ மரத்தத் தின்னமாட்டாக்கா. தேனீ ஜாதி. கடிச்சுத் துப்பிட்டு, பிள்ளை பெறத்தான் எடம் பாக்குறா."

"சத்தத்தப் பாருடி, பேயாட்டம்!"

"சத்தம் போடுறவங்களுக்குப் பயந்தா உன்கூட இருபது வருஷம் ஒரே வீட்டுல வளந்திருப்பேனா?"

மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த வாயோடு கேட்டாள்: "அப்போ ஏணிக்கடியில விழுறது எது சின்னத்தை? அது மாவு மாதிரி இருக்கும். சுவத்துச் சுண்ணாம்புன்னு தெனமும் துடைச்சுடுவேன்."

சித்தி நேரே ஏணியடிக்குப் போனாள். மாடிக்குப் போகிற மர ஏணி அது. துணி உலர்த்த மருமகள் தினம் இரண்டு நடை ஏறி இறங்குகிறாள். சித்தி மூன்றாம் படியில் காதை வைத்தாள். பிறகு கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் பொதுக்கென்று உள்ளே போனது. குண்டூசி குத்தினாற்போல நிறையத் துளைகள். சின்ன வண்டுகள். புழுவாகக் கிடந்து உள்ளே எல்லாம் தின்றுவிட்டுப் பறந்திருக்கின்றன. படி உளுத்து, மேல்தோல் மட்டும் மிச்சம்.

"எந்தக் கட்டையில போறவன் செஞ்ச ஏணி இது?" என்றாள் மாமியார்.

"நான் செஞ்சதுதான்க்கா." சித்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவசரத்துல வைரம் பாஞ்ச கட்டைய விட்டுட்டு பூச்சி ஏறுற ஓரத்து வெளிறுக் கட்டைய வெச்சுட்டேன். ஊர் மரத்துக்கெல்லாம் காது குடுத்தேன், இதுக்குக் குடுக்கல."

மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தெனமும் துடைச்சு மறைச்சது நான்தானே சின்னத்தை?"

"போடி பைத்தியமே." சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

அன்றைக்கே ஏணியைக் கழற்றி எரித்தாள். ஒன்பது நாள் அங்கேயே தங்கி, வைரக்கட்டையில் புதிதாகச் செய்தாள். ஒவ்வொரு படியிலும் தானே ஏறிக் குதித்துப் பார்த்தாள். "இடுப்பு போயிடும்டி!" என்று கீழிருந்து மாமியார் கத்தினாள். கருவண்டை யாரும் தொடவில்லை.

பிள்ளை பிறக்கட்டும், போகிறேன் என்றாள் சித்தி. பிறந்தபின் தவழட்டும் என்றாள். இப்போது சித்தி அந்த வீட்டு முன்னறையில்தான் இருக்கிறாள்.